ஐந்தாவது பொத்தான்

முதலில் கிடைத்தது நியூட்ரோபில். எப்போதும் அப்படித்தான். நூறு வெள்ளணுக்களில் அறுபது அதுவாக இருக்கும்போது முதலில் அகப்படுவதும் அதுவாகத்தான் இருக்கும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இடதுகை விரல் முதல் பொத்தானை அழுத்தியது. டக். எண்ணும் பெட்டியின் முதல் சன்னலில் ஒன்று வந்து நின்றது. வலதுகையால் ஸ்லைடை ஒரு நூல் நகர்த்தினேன். வெளிறிய சிவப்பணுக்கள் கூட்டமாக ஒதுங்கின, அடுத்த வெள்ளணு வந்தது, அதுவும் நியூட்ரோபில். டக். பிறகு ஒரு லிம்போசைட், இரண்டாவது பொத்தான். இது சந்தனமாரியின் ரத்தம். இருபத்தாறு வருஷமாக இந்த ஊர் ஜனங்களின் ரத்தத்தை இதே ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் பெண்டாட்டி இவளுடைய ரத்தத்தையும் இரண்டு வருஷத்தில் பதினாலு தடவை எண்ணியிருக்கிறேன், எண்ணியதாக எழுதியிருக்கிறேன். ஐந்நூறு அணு எண்ணச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. நூறுதான் வழக்கம். நூறு முடிந்தால் பெட்டியில் மணி அடிக்கும், எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடு. தோல் டாக்டர் நிலோஃபர்தான் நேற்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்: ஐந்நூறு அணு, மிஷின் வேண்டாம், கண்ணால் எண்ணவும், பேசோபில் எத்தனை. பேசோபில் என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. பெட்டியில் ஐந்து பொத்தான்கள். முதல் பொத்தானின் எழுத்து என் விரல் பட்டுப் பட்டு அழிந்தே போய்விட்டது. இரண்டாவதில் எழுத்தின் நிழல் இருக்கிறது. மூன்றும் நான்கும் மங்கல். ஐந்தாவது பொத்தான் பேசோபில்லுக்கானது. கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே எழுத்து பளிச்சென்று இருக்கிறது. பேசோபில் நூற்றில் ஒன்று வரும், வராமலும் போகும். வந்தால் தெரியாமல் இருக்காது, உட்கருவே மறையும்படி கருநீல மணிகளை அப்பிக்கொண்டு நாவல்பழத்தைப் பிட்டுப் போட்டதுபோல இருக்கும். ஆனால் வந்தாலும் வராவிட்டாலும் எந்த டாக்டரும் அதைப் படித்ததில்லை. அதனால் காலையில் ரிஜிஸ்டரில் கோடு போடும்போதே கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழாகப் பூஜ்யங்களைப் போட்டு வைத்துவிடுவேன். முப்பது பெயர் என்றால் முப்பது பூஜ்யம். பெயர்கள் பிறகுதான் வரும்.

பதினெட்டு, பத்தொன்பது. கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கக் கூடாது என்று நினைத்தேன், எடுத்துவிட்டேன். ரத்தக் குழாய்களை வாங்கும் வட்டச் சன்னல் வழியாக வெளியே இருக்கும் இரும்பு பெஞ்சு தெரியும், பெஞ்சின் இந்தக் கோடியில் சந்தனமாரி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பை. இடது முழங்கையின் உள்பக்கத்தை வலது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருக்கிறாள். சொறியவில்லை. சொறிந்தால் பட்டையாகத் தடிக்கும் என்பதால் அழுத்தப் பழகியிருக்கிறாள், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தடிப்பு முதன்முதலில் வந்த அன்று அவள் சொன்ன சொல் காணாக்கடி. “ஏங்க, காணாக்கடி மாதிரி இருக்கு, பாருங்க.” கண்ணுக்குத் தெரியாத எதுவோ கடித்துவிட்டது என்று ஊரில் சொல்வது. நான் சிரித்தேன். ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறவன் அல்லவா, எனக்குத் தெரியாத கடியா. “கண்ணுக்குத் தெரியாத பூச்சி நம்ம வீட்ல உன்னைய மட்டுந்தான் கடிக்குமா? என் ரத்தம் அதுக்குப் பிடிக்கலையா?” என்றேன். “உங்க ரத்தத்தைக் குடிச்சா அது செத்துப்போகும்” என்றாள். அப்போது அவளும் சிரித்தாள். சாத்தூரிலிருந்து அவள் அக்காள் கறுப்புக் கம்பளித் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டாள், அதை வைத்துத் தேய்த்தால் அடங்குமாம். தேய்த்தாள், அடங்கியது. கம்பளியால் அல்ல, தானாகவே சில மணிநேரத்தில் அடங்கிவிடும், அடுத்த நாள் வேறு இடத்தில் எழும். அதுதான் அவளுக்கு வினையாகிப்போனது. வீட்டில் முதுகு முழுக்கப் பத்தை பத்தையாகத் தடித்திருக்கும், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் தோல் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். டாக்டர் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். நான் அவளைப் பார்ப்பேன். பிறகு ஒரு நாள் அவள் தையல் சாக்கட்டியை எடுத்து ஒவ்வொரு தடிப்பைச் சுற்றியும் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். ரவிக்கைத் துணியில் வெட்டுவதற்கு முன்னால் போடுவாளே, அந்த வெள்ளைக் கோடு. கையெல்லாம் தீவு தீவாக இருந்தது. அன்றும் வரிசையில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது, தடிப்பு போய்விட்டது. “கோடு மட்டுந்தான் இருக்கு” என்றேன். அதை எதற்குச் சொன்னேன். சும்மா சொன்னேன். அவள் முந்தானையில் எச்சிலைத் தொட்டுக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள், அழிக்க அழிக்க அந்த இடம் சிவந்தது, நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கண் திரும்ப லென்ஸுக்கு வந்தபோது எண்ணிக்கை எங்கே நின்றது என்று தெரியவில்லை. பெட்டிக்குத் தெரியும், நாற்பத்தொன்று. பெட்டிக்கு எல்லாம் தெரியும், ஐந்தாவதைத் தவிர. நான் என்ன தேடுகிறேன் என்று எனக்குத் தெளிவாக இருக்க வேண்டும். டாக்டர் நிலோஃபர் சொன்னது இவ்வளவுதான், சாதாரண ஆளுக்கு ஐந்நூறில் மூன்றோ நான்கோ பேசோபில் அகப்படும். ஒன்றுகூட இல்லை என்றால் அவை ரத்தத்தை விட்டுத் தோலுக்குள் போய்விட்டன என்று நினைக்கிறார்கள். அது மட்டும் போதாது, மற்ற ரிப்போர்ட்டுகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சேர்த்துப் பார்த்தால் இது கத்தரிக்காயும் இல்லை, கருவாடும் இல்லை, மனசும் இல்லை, அவள் உடம்பின் காவலே அவள் தோலைக் கடிக்கிறது என்று சொல்லலாம், மருந்தை மாற்றலாம், பழைய மாத்திரையிலேயே இன்னும் ஆறு மாதத்தை வீணாக்க வேண்டாம். “நீங்களே எண்ணுறீங்களா, இல்ல பிரிசில்லாட்ட குடுக்குறீங்களா? வீட்டு ஆளு ரத்தம், கை நடுங்கும்” என்று கேட்டார். நானே எண்ணுகிறேன் என்றேன். கை நடுங்கவில்லை. வேறொன்று நடக்கிறது. மூன்று நாவல்பழம் கிடைத்தால் நான் எழுதிய பதினாலு பூஜ்யங்கள் பொய், ஆனால் மனசுதான் என்று நான் அவளிடம் சொன்னது சரியாகப் போகும். ஒன்றும் கிடைக்காவிட்டால் என் பூஜ்யங்கள் குருட்டடியாக மெய், நான் சொன்னதுதான் பொய். ஒவ்வொரு தடவை ஸ்லைடை நகர்த்தும்போதும் வா, வா என்று உள்ளே ஒருவன் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். யாரை வரச் சொல்கிறான் என்று நின்று கேட்டேன். பேசோபில்லைத்தான். அவள் நோய் அவள் மனசிலேயே இருக்கட்டும் என்று கூப்பிடுகிறான். டக். டக். மணி அடித்தது, நூறு. ஐந்தாவது சன்னலில் பூஜ்யம்.

பின்னால், என்னோடு லேபில் வேலை பார்க்கும் பிரிசில்லா ஊசி மூடிகளைத் தொட்டியில் கொட்டினாள். “என்னண்ணே, மணி அடிச்சப்புறமும் பாத்துக்கிட்டே இருக்கீங்க? கல்யாண ஆல்பமா?” “ஐந்நூறு” என்றேன். “ஐந்நூறா! அந்தப் பொம்பள டாக்டருக்கு வேற வேலையில்ல. சீக்கிரம் முடிங்க, எனக்கு அந்த மைக்ராஸ்கோப் வேணும்” என்று போய்விட்டாள். வேற வேலையில்லை. நானும் நேற்று அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது பொத்தானை இன்னும் ஒரு தடவைகூட அழுத்தவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. மூன்றாவது இயோசினோபில், ஆரஞ்சு மணிகள் உள்ள அணு, ஒவ்வாமைக்காரர்களிடம் அது கூட்டமாக வரும், சாந்துச் சட்டி தூக்குகிறவர்கள், பஞ்சாலைக்காரர்கள், நூற்றில் பன்னிரண்டு பதினைந்து என்று பார்த்திருக்கிறேன். இவளிடம் நூற்று முப்பதாவது அணுவில்தான் முதல் ஆரஞ்சு வந்தது. பதினாலு தடவையும் இது இப்படித்தான் இருந்திருக்கும். ஒன்று, ஒன்று, பூஜ்யம், ஒன்று. குறைவாக இருப்பதை நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. கூடினால்தான் ரிப்போர்ட்டில் நட்சத்திரம் விழும். ஒவ்வாமை பார்க்கிற ஐஜிஇ டெஸ்டை நானே ஓட்டினேன், போன வருஷம், ஆடியில். அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள், நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “ஒம்போதுதான் சந்தனம். நூறு வரைக்கும் இருக்கலாம். உனக்கு ஒண்ணுமில்ல.” மகள் பரீட்சையில் பாஸான மாதிரி சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஒண்ணுமில்லைன்னா இது என்ன?” என்று சேலையை விலக்கி இடுப்பைக் காட்டினாள். அங்கே இருந்தது, அன்றைக்கு இருந்தது, உள்ளங்கை அகலத்தில். நான் பார்த்தேன், என் கையில் ஒன்பது என்று எழுதிய தாள் இருந்தது. தாளைத்தான் நம்பினேன். இப்போது நிலோஃபர் அதே தாளை எடுத்து வைத்துக்கொண்டு “அலர்ஜின்னா இது ஏறணும் சார், இவங்களுக்கு இவ்வளவு இறங்கியிருக்கே, யாரும் கேக்கலையா?” என்கிறார். உடம்பு தன்னையே தாக்குகிறதா என்று காட்டும் தைராய்டு ஆன்டிபாடி நானூற்றுப் பன்னிரண்டு, அது மட்டும் நட்சத்திரத்தோடு. யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

இருநூறு. மணியை நான் கேட்கவில்லை, சன்னல்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒண்ணுமில்லை என்று முடிவான பிறகு பழி துணிமேல் விழுந்தது. புதுத் துணியில் கஞ்சி, சாயம், அதைத்தான் நாளெல்லாம் தொடுகிறாள், அதுதான் என்று நானாகக் கண்டுபிடித்தேன். தையல் மிஷினை என் தங்கை வீட்டுக்குத் தூக்கிப் போட்டேன், ஒரு மாதத்துக்கு என்று. இரண்டு ஆட்கள் மாடியிலிருந்து இறக்கும்போது சந்தனமாரி தறிகெட்ட நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள், பாபின் ஒன்று உருண்டு படியில் விழுந்தது, அவள்தான் எடுத்தாள். மிஷின் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. தங்கை மகள் அதில் தலையணை உறை தைக்கிறாள். தடிப்பு நிற்கவில்லை. நிற்காதபோது, மிஷினைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம், ஆனால் நான் இன்னொரு படி போனேன், மனசு என்றேன். மனசுதான் தோலில் வரும் என்று எங்கோ படித்திருந்தேன், அதுவும் பொய்யில்லையே. திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்டார், “வீட்ல எதுவும் பிரச்சினையாம்மா?” அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். ஒரு ரவிக்கையைத் தைத்துக் கொடுத்து, அது பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள், எங்கே இறுக்கம் என்று. இருநூற்று முப்பது. நியூட்ரோபில், நியூட்ரோபில், குதிரைலாடம் போல உட்கரு வளைந்த மோனோசைட் ஒன்று, நாலாவது பொத்தான். வெளியே குழந்தை ஒன்று ஊசிக்கு அழுதது. “எறும்புடா, எறும்பு கடிச்சிருச்சுடா” என்று அதன் அம்மா சொல்வது கேட்டது. எறும்பைப் பழி சொல்லித்தான் ஊரே ரத்தம் கொடுக்கிறது.

இன்று காலை அவள் சொன்னதை இதுவரை நினைக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வரும்போது சொன்னாள். சன்னலோரம் அவள், நான் பக்கத்தில். குரலை உயர்த்தவில்லை. “இன்னைக்கும் நார்மல்னு வந்துச்சுன்னா இனி நான் யாருக்கும் ரத்தம் குடுக்க மாட்டேன்.” சரி என்றேன், கண்டக்டரிடம் மீதியை வாங்கிக்கொண்டிருந்தேன். “உன்கிட்டயும் சொல்ல மாட்டேன். வீங்கினாலும் சொல்ல மாட்டேன்.” உங்ககிட்ட என்று சொல்லவில்லை, உன்கிட்ட என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. வாய் தவறியதா, நெஞ்சறிந்து சொன்னாளா, தெரியவில்லை, கேட்கவும் இல்லை. வீங்கினாலும் என்று அவள் சொன்னது தோலை அல்ல. மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் வந்து நின்றாள். உதடு தொங்கிப்போய் வேறு யாருடைய முகமோ போல இருந்தது. ஏதோ சொல்ல வந்தாள், நாக்கு வாய்க்குள் நிறைந்துவிட்டது, சத்தம் மட்டும் வந்தது. நான் சொன்னேன், “பதறாத. பதறினாத்தான் கூடும்.” படுத்தபடியே சொன்னேன். அவள் போய் அளவு நோட்டை எடுத்து வந்தாள், தோள், மார்பு, கை நீளம் என்று ஊர்ப் பெண்களின் அளவுகளை எழுதி வைத்திருக்கும் பழைய நோட்டு. அதில் ஒரு வெற்றுப் பக்கத்தில் எழுதி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். மூச்சு. அவ்வளவுதான், ஒரு சொல். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் சட்டையை முதுகோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், ரயில்வே கேட் மூடியிருந்தது, அவள் விடுகிற மூச்சின் சத்தம் என் காதுக்குப் பின்னால் கேட்டது, சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது. பெட்டிகளை எண்ணினேன். வேறெதுவும் செய்ய முடியாதபோது நான் எண்ணுகிறேன். ஐம்பத்தெட்டு. கேட் திறந்தது, ஊசி போட்டார்கள், இறங்கியது. அடுத்த தடவை அவள் நோட்டை எடுத்துவர மாட்டாள். பின்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். பக்கத்தைத் திருப்புவேன். இதைத்தான் நினைக்கக் கூடாது என்றிருந்தேன்.

முந்நூறுக்கு மணி அடித்தது. முந்நூற்று நாற்பது. மேலும் கீழுமாக, கோட்டைச் சுவர் விளிம்பு போல ஸ்லைடை ஓட்ட வேண்டும், ஒரே இடத்தில் எண்ணக் கூடாது, விளிம்பில் பெரிய அணுக்கள் போய் ஒதுங்கிக்கொள்ளும். பேசோபில் ஒதுங்கியிருக்கலாம். விளிம்புக்குப் போனேன். இல்லை. பின்பு, முந்நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் ஏதோ ஒரு எண்ணில், கண்ணுக்கு நேராக அது வந்து நின்றது. கருநீலம். மணி மணியாக. நாவல்பழம். என் உடம்பெல்லாம் சில்லிட்டது, சந்தோஷம் போலவே இருந்தது, சந்தோஷம்தான். இடதுகைச் சுண்டுவிரல் ஐந்தாவது பொத்தான்மேல் போய்ப் படுத்தது. புதுப் பொத்தான், கெட்டியாக இருந்தது, பாதி அழுந்தி நின்றது. ஒன்று இருக்கிறது சந்தனம். ஒன்று இருந்தால் இன்னும் இருக்கும். ஒண்ணுமில்ல, உனக்கு ஒண்ணுமில்ல. அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு போவது தெரிந்தது, பெஞ்சில் அல்ல, என் நினைப்பில். பெஞ்சைப் பார்த்தேன், உட்கார்ந்துதான் இருக்கிறாள், அழுத்திக்கொண்டுதான் இருக்கிறாள். விரலைப் பொத்தானிலேயே வைத்துக்கொண்டு வலதுகையால் மைக்ராஸ்கோப்பின் நுண்திருகை ஒரு மயிரளவு திருப்பினேன். சந்தேகம் வந்தால் அப்படித்தான் பார்க்க வேண்டும், அணு தெளியும்போது அதன் மணிகளும் சேர்ந்து தெளிய வேண்டும். மணிகள் கூராகத் தெளிந்தன. அணு கலங்கியது. திருப்பித் திருகினேன். அணு தெளிந்தது, சாதாரண லிம்போசைட், மணிகள் கலங்கின. மணிகள் அதற்குள் இல்லை, மேலே கிடக்கின்றன. சாயத்தூசு. அணுக்கள் தெரிவதற்காக ஸ்லைடில் ஊற்றும் சாயத்தை நேற்று வடிகட்டாமல் விட்டது நான்தான், மாலையில் அவசரம். இன்னும் ஒரு தடவை திருகினேன், அது பேசோபில்லாக மாறிவிடும் என்பதுபோல. பொத்தானை முழுக்க அழுத்தினால் யாருக்குத் தெரியும். பிரிசில்லா திரும்ப எண்ணப் போவதில்லை. ஐந்நூறில் ஒன்று என்று எழுதினால் டாக்டர் மனசு பெரிதாக மாறிவிடப் போவதும் இல்லை. ஆனால் நான் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், ஒண்ணு இருந்துச்சு, நான் பார்த்தேன் என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொள்ளலாம். விரல் எவ்வளவு நேரம் அப்படியே இருந்தது என்று தெரியாது. எடுத்தபோது பொத்தான் பாதியிலிருந்து தானாக மேலே வந்தது, சத்தமில்லாமல். இரண்டாவதை அழுத்தினேன். டக். லிம்போசைட்.

நானூறு. பிறகு நான் எதையும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிறவன் எங்கோ போய்விட்டான், பசி மாதிரி ஒன்று மட்டும் இருந்தது. நானூற்று அறுபதில் இரண்டாவது ஆரஞ்சு, அதோடு சரி. நானூற்று எண்பது. தொண்ணூறு. ஐந்நூறுக்கு மணி அடித்தபோது கண்ணை எடுத்துவிட்டேன், கண்ணுக்குள் சிவப்பணுக்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. மின்விசிறி ஓடுவது கேட்டது. ரிஜிஸ்டரைத் திறந்தேன். இன்றைய பக்கத்தில், அவள் பெயருக்கு நேராக, கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் ஏற்கெனவே இருந்தது. காலை ஏழரைக்கு நான் போட்டது. வரிசையில் மற்றப் பூஜ்யங்களோடு, அதே மை, அதே அளவு. அடித்துவிட்டுத் திரும்ப எழுதலாமா என்று யோசித்தேன். என்ன எழுதுவது, அதையேதான் எழுத வேண்டும். பக்கத்தில் ஐந்நூறில் என்று மட்டும் சேர்த்தேன். ரிப்போர்ட் தாளில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன், குருநாதன், தேதி. பிரிசில்லா தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். “இதுக்கா இவ்வளவு நேரம்? எப்பவும் போடுறதுதானண்ணே” என்றாள்.

சந்தனமாரி வட்டச் சன்னலுக்கு வந்து நின்றாள். சன்னலின் உயரத்துக்கு அவள் முகம் முழுதாகத் தெரியாது, வாயும் கழுத்தும்தான் தெரியும்.

“நார்மலா?”

ஆமா என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பூஜ்யம் என்றால் ஆமா என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்கிற நாக்கு.

“இல்ல” என்றேன். “பூஜ்யம்.”

“பூஜ்யம்னா ஒண்ணுமில்லன்னுதான?” அவள் கை பையின் வாரைத் தோளில் ஏற்றியது.

“இல்ல சந்தனம், நில்லு. இருக்க வேண்டியது இல்ல. மூணு நாலு இருக்கணும். உனக்கு ஒண்ணுகூட இல்ல. டாக்டர் சொன்ன மாதிரிதான் இருக்கு. ஐஜிஇ ஒம்போது வந்துச்சே, அதுவும் அப்படித்தான்.”

கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் சிவந்திருந்தது, சேலை ஓரம் உரசிய இடம். அவள் குனிந்தாள். இப்போது கண்கள் சன்னலுக்கு நேராக வந்தன.

“எண்ணுனீங்களா?”

“எண்ணுனேன். ஐந்நூறும்.”

“முன்னாடி?”

பிரிசில்லா ஊசி மூடிகளைத் துழாவுவதை நிறுத்தியிருந்தாள். பதினாலு தடவை அவள் இதே சன்னலுக்குள் கையை நீட்டியிருக்கிறாள். நான் ரப்பரைக் கட்டி, நரம்பைத் தட்டி, கொஞ்சம் வலிக்கும் என்று சொல்லி எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கையை மடக்கிக்கொண்டு அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்து காத்திருக்கிறாள், நான் எண்ணி முடிப்பேன் என்று.

“அந்தக் கடைசி வகையை எண்ணல” என்றேன். “காலையிலயே பூஜ்யம் போட்டு வச்சிருவேன். எல்லாருக்கும்.”

“எல்லாருக்கும்” என்றாள் அவள்.

டாக்டர் அறை வாசலில் இருபத்தேழு, இருபத்தேழு என்று கூப்பிட்டார்கள். அது அவள் டோக்கன். கையைச் சன்னலுக்குள் நீட்டினாள், ரத்தம் கொடுக்க நீட்டுகிற மாதிரியே, உள்பக்கம் மேலாக. முழங்கைக்குக் கீழே சாக்கட்டிக் கோடு இருந்தது, காலையில் போட்டது, கோட்டுக்குள் எதுவும் இல்லை. கோட்டுக்கு வெளியே, ஒரு விரல் தள்ளி, புதிதாக ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நான் தாளை அந்தக் கையில் கொடுத்தேன்.

தாளை மடிக்கவில்லை. என்னிடமே திருப்பி நீட்டினாள்.

“நீங்க வாங்க. நீங்களே டாக்டர்ட்ட சொல்லுங்க” என்றாள். “முன்னாடி எண்ணலன்னும் சொல்லுங்க.”

வாங்க என்றாள். வா என்று சொல்லவில்லை. எழுந்தேன். ஸ்டூலை விட்டு எழும்போது பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுப் போவது பழக்கம், அடுத்து எண்ணுகிறவர்களுக்கு. ஓரத்துத் திருகைத் திருப்பினேன். நான்கு சன்னல்களில் எண்கள் கடகடவென்று உருண்டு பூஜ்யத்துக்குப் போயின. ஐந்தாவது அசையவில்லை. அது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.